ஜப்பானில் பனிச்சறுக்கு விடுமுறை: சறுக்காத நாட்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானுக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்கில்தான் திட்டம் போடுகிறார்கள். எத்தனை நாள் விடுப்போ அத்தனை நாளுக்கும் லிஃப்ட் டிக்கெட், அதாவது சரிவின் மேலே ஏற்றிவிடும் கம்பிவட நாற்காலிக்கான சீட்டு. முதல் தடவை காலில் ஸ்கீ மாட்டுகிறவருக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. இரண்டு நாள் விழுந்து எழுந்த பிறகு தொடையும் தோளும் சொன்ன பேச்சைக் கேட்காது. போதாக்குறைக்கு, பலத்த காற்று அடித்தால் மேல் லிஃப்ட்களை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு அறையிலேயே முடங்கிக் கிடப்பதற்கா இவ்வளவு தூரம் போகிறோம்?

அதனால் என் யோசனை இதுதான்: நாட்களில் பாதியைச் சறுக்குக்குக் கொடுங்கள், மீதியை அந்த மலையூர்களுக்குக் கொடுங்கள். ஆஸ்திரிய-ஹங்கேரி ராணுவ அதிகாரி தியோடோர் ஃபொன் லெர்க் 1911 ஜனவரி 12 அன்று, இன்றைய நீகாட்டா மாநிலத்திலுள்ள தகாடாவில் ஜப்பானிய வீரர்களுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுத்தார். அந்நாட்டில் இந்த விளையாட்டின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் இன்று ஸ்கீ தளமாக நாம் அறிந்திருக்கும் ஊர்களில் பல, அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே வெந்நீர் ஊற்றுக்காக மக்கள் தேடிப் போன ஊர்கள். சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை அள்ளிக்கொண்டு வந்து, மலைகளில் மோதி, ஆளுயரத்துக்கு மேல் பனியாகக் கொட்டுகிறது. அந்தப் பனிக்குள் வாழப் பழகிய மக்களின் சாப்பாடு, குளியல், கோயில், திருவிழா எல்லாம் லிஃப்டிலிருந்து நடக்கும் தூரத்திலேயே இருக்கின்றன. அவற்றைப் பார்க்காமல் திரும்பினால் பயணத்தின் சுவையான பாதியை விட்டுவிட்டு வருகிறோம் என்றே நான் நினைக்கிறேன்.

1. முதலில் ஊரைத் தேர்ந்தெடுங்கள்

ஸ்கீ தளத்தை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்காமல், ஊரை வைத்துத் தளத்தைத் தேர்ந்தெடுங்கள். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது நாகானோ மாநிலம். காரணம் எளிது. டோக்கியோவிலிருந்து ஹொக்குரிக்கு ஷின்கான்சென் எனும் அதிவேக ரயிலில் ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் நாகானோ நகரம். இந்தத் தடம் 1997இல், மறு ஆண்டு நடக்கவிருந்த குளிர்கால ஒலிம்பிக்கை ஒட்டித் திறக்கப்பட்டது. பெரிய கோயில், பழைய கோட்டை, வெந்நீரில் குளிக்கும் குரங்குகள், நல்ல ஸ்கீ தளங்கள் என எல்லாமே அந்த நகரத்தைச் சுற்றி ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

அங்கே மூன்று ஊர்களை ஒப்பிட்டுப் பாருங்கள். ஹக்குபா பெரிய பள்ளத்தாக்கு. நிறையத் தளங்கள், நிறைய வெளிநாட்டவர், ஆங்கிலம் எங்கும் செல்லும், விதவிதமான உணவகங்கள். நாகானோ ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் ஒன்றேகால் மணி நேரம். ஷிகா கோகென் உயரமான இடம். பனி நீண்ட நாள் நிற்கும், ஆனால் மாலையில் உலாவ ஊர் என்று ஒன்று இல்லை, விடுதிகள் மட்டும்தான். நோஸாவா ஒன்சென் சின்னக் கிராமம். குறுகலான சரிவுத் தெருக்கள், மரக் குளியல் வீடுகள், ஊறுகாய்க் கடைகள், தெருவோரச் சாக்கடையிலிருந்துகூட ஆவி எழும்பிக்கொண்டிருக்கும். ஷின்கான்செனில் நாகானோவுக்கு அடுத்த நிலையமான ஈயாமாவில் இறங்கினால் பேருந்தில் அரை மணி நேரம்கூட ஆகாது. சறுக்குவதைத் தாண்டி ஊரையும் ரசிக்க வேண்டும் என்றால் நோஸாவாவில் தங்குங்கள். பெரிய குழுவாக, ஆளுக்கொரு விருப்பத்தோடு போகிறீர்கள் என்றால் ஹக்குபா வசதி.

2. எப்போது போவது

டிசம்பர் 28 முதல் ஜனவரி 3 வரை ஜப்பானியர்களின் புத்தாண்டு விடுமுறை. அறை கிடைப்பது கடினம், கிடைத்தாலும் விலை அதிகம். சீனப் புத்தாண்டு வாரமும் அப்படியே. ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி முடிய பனி மிக நன்றாக இருக்கும், குளிரும் உச்சத்தில் இருக்கும், மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். முதல் தடவை போகிறவர்களுக்கு மார்ச் முதல் பாதியை நான் பரிந்துரைப்பேன். பகல் நீளம், கூட்டம் குறைவு, விலையும் இறங்கியிருக்கும், கற்றுக்கொள்ளத் தேவையான பனி தாராளமாக இருக்கும்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஜனவரி 15ஆம் தேதியை ஒட்டி உங்களால் போக முடிந்தால் நோஸாவாவின் தீத் திருவிழாவை விடாதீர்கள். ஒவ்வோர் ஆண்டும் கிழமை பார்க்காமல் அதே தேதியில்தான் நடக்கும். ஊர் ஆண்கள் காட்டு மரங்களை வெட்டி இழுத்து வந்து, வீட்டைவிட உயரமான ஒரு மரக் கோபுரத்தைக் கட்டுகிறார்கள். ஜப்பானில் ஆண்களுக்கு 25, 42 ஆகிய வயதுகள் கண்டம் என்பது நம்பிக்கை. 42 வயதுக்காரர்கள் கோபுரத்தின் உச்சியில் உட்கார்ந்துகொள்ள, 25 வயதுக்காரர்கள் அடியில் நின்று காவல் காக்க, ஊரில் மற்றவர்கள் தீப்பந்தங்களோடு வந்து மோதுகிறார்கள். கடைசியில் உச்சியில் இருந்தவர்கள் இறங்கிவர, கோபுரம் முழுதும் எரிகிறது. அந்தக் கோபுரம் விழும்போது முகத்தில் அடிக்கும் வெப்பத்தை எந்தப் புகைப்படமும் காட்டாது. தீப்பொறி பறக்கும், நைலான் மேலங்கியில் பட்டால் ஓட்டை விழும். பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, குழந்தைகளோடு என்றால் சற்றுத் தள்ளி நில்லுங்கள். அந்த இரவுக்கான அறையைப் பல மாதங்கள் முன்பே பிடித்துவிட வேண்டும்.

3. உடையும் காலணியும்

ஸ்கீ, ஸ்கீ பூட்ஸ், கழிகள், மேலங்கி எல்லாம் தளத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். அதற்காக எதையும் வாங்க வேண்டாம். நீங்கள் பணம் செலவழிக்க வேண்டியது ஊருக்குள் நடக்கும் காலணிக்குத்தான். சுற்றிப் பார்க்கும் நாட்களில் உங்களைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அதுதான். தண்ணீர் புகாத, கணுக்காலுக்கு மேல் வரும், அடிப்பாகம் முரட்டுத் தடமுள்ள பூட்ஸ் வேண்டும். பனி அதிகம் விழும் ஊர்களில் சாலைக்கு நடுவே குழாய் பதித்து நிலத்தடி நீரைத் தெளித்துப் பனியைக் கரைக்கிறார்கள்; சாதாரண ஷூ என்றால் பத்து நிமிடத்தில் காலுறை நனைந்துவிடும். காலணிக்கு அடியில் மாட்டிக்கொள்ளும் சிறு பற்கள் வைத்த ரப்பர் பட்டைகள் அங்கேயே விற்கும். ஒரு ஜோடி வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மேலே மூன்று அடுக்கு போதும்: உடம்போடு ஒட்டிய தெர்மல், கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றும் நீரும் புகாத அங்கி. பருத்தி பனியன் வேர்வையைப் பிடித்துவைத்துக் குளிரவைக்கும், அதைத் தவிருங்கள். 24 மணி நேரக் கடைகளில் 'கைரோ' என்று கேட்டால் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் சூட்டுப் பைகளைக் கொடுப்பார்கள். குழந்தைகளின் கையுறைக்குள் ஒன்று வைத்துவிட்டால் அழுகை நிற்கும்.

தெருவில் நடக்கும்போது ஒன்றை மறக்கவே கூடாது. கூரை விளிம்புக்கு நேர் கீழே நடக்காதீர்கள், நின்று படம் எடுக்காதீர்கள். வெயில் ஏறியதும் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து விழும். ஒவ்வொரு குளிர்காலத்திலும் அங்கே இதில் உயிரிழப்புகள் நடக்கின்றன. அதேபோல, பயணக் காப்பீடு எடுக்கும்போது அதில் பனிச்சறுக்கும் அடங்குமா என்று பார்த்து எடுங்கள். பல சாதாரணக் காப்பீடுகளில் அது இருக்காது.

4. வெந்நீர் ஊற்றில் இறங்குவது

இந்தப் பயணத்தில் நம் ஆட்கள் அதிகம் தயங்குவது இதற்குத்தான். ஒன்சென் எனப்படும் வெந்நீர் ஊற்றுக் குளியலில் உடை கிடையாது. நீச்சலுடைக்கும் அனுமதி இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பகுதி. முதல் இரண்டு நிமிடம் கூச்சமாக இருக்கும், உண்மைதான். ஆனால் அங்கே யாரும் யாரையும் பார்ப்பதில்லை. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தளவு நீரில் கிடக்கிறார்கள். அப்படியும் மனம் ஒப்பவில்லையா? பல விடுதிகளில் 'கஷிகிரி' என்ற பெயரில் குடும்பத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் போலத் தனிக் குளியலறையைப் பூட்டித் தருவார்கள். அறை முன்பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். தயக்கத்தால் இதை மொத்தமாக விட்டுவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

செய்முறை சுலபம். உடைகளைக் கூடையில் வைத்துவிட்டுச் சின்னத் துண்டோடு உள்ளே போங்கள். ஓரத்தில் சிறு முக்காலியும் குழாயும் இருக்கும். உட்கார்ந்துகொண்டு சோப்புப் போட்டு நன்றாகக் குளித்து, நுரை போக அலசுங்கள். தொட்டி அழுக்குப் போக்குவதற்கு அல்ல, சூட்டில் ஊறுவதற்கு. அதனால் தொட்டி நீரில் சோப்பு, துண்டு, தலைமுடி எதுவும் படக்கூடாது. நீண்ட முடியைத் தூக்கிக் கட்டுங்கள், துண்டை மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும் முன் தொட்டி நீரை மொண்டு காலிலிருந்து மேல்நோக்கி ஊற்றிச் சூட்டுக்குப் பழகுங்கள். ஐந்து நிமிடம் போதும். ஏறி ஆறி, மறுபடி இறங்கலாம். வெளியே வரும்போது உடம்பைத் துடைத்துவிட்டு உடை மாற்றும் அறைக்குள் நுழையுங்கள். பிறகு தண்ணீர் குடியுங்கள். மது குடித்துவிட்டு இறங்கவே கூடாது. ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள், கருவுற்றிருப்பவர்கள் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பில் பச்சை குத்தியிருந்தால் சில இடங்களில் விடமாட்டார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள்.

நோஸாவாவிலும், பின்னால் சொல்லப்போகும் யாமகாட்டா பக்கத்து ஸாவோவிலும் கந்தக நீர். வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண் எல்லாம் கறுத்துப் போகும். கழற்றி வைத்துவிட்டுப் போவது நல்லது.

நோஸாவாவில் 13 பொதுக் குளியல் வீடுகள் இருக்கின்றன. கட்டணம் இல்லை. வாசலில் உள்ள பெட்டியில் முடிந்ததைப் போடலாம், கட்டாயம் போடுங்கள். ஏனென்றால் இவற்றை நடத்துவது அரசோ நிறுவனமோ அல்ல. சுற்றியிருக்கும் வீட்டுக்காரர்கள் முறை வைத்துக் கழுவிப் பராமரிக்கிறார்கள். நாம் அவர்கள் வீட்டுக் குளியலறைக்குள் விருந்தாளியாகப் போகிறோம் என்ற நினைப்போடு நடந்துகொள்ள வேண்டும். பல இடங்களில் ஷவர் கிடையாது, தொட்டியிலிருந்து மொண்டு ஊற்றிக்கொள்வதுதான். நீர் விடுதித் தொட்டியைவிடச் சூடாக இருக்கும். தாங்க முடியவில்லை என்றால், உள்ளே இருக்கும் பெரியவரிடம் சைகையால் கேட்டுவிட்டுக் குளிர்நீர்க் குழாயைத் திறங்கள். 'ஓயு' என்ற பழைய மரக் கட்டடம்தான் இவற்றில் பேர்போனது. கூட்டம் குறைந்த சின்னதொன்றில் தொடங்கிப் பழகிக்கொண்டு அங்கே போகலாம்.

ஊரின் மேல்பக்கத்தில் 'ஓகாமா' என்று ஓர் ஊற்று. நீர் 90 பாகை செல்சியஸை ஒட்டிக் கொதிக்கிறது. ஊர்ப் பெண்கள் நோஸாவானா கீரையையும் காய்கறிகளையும் அங்கே கொண்டுவந்து அவிக்கிறார்கள். அது அவர்களின் பொதுச் சமையலறை. வெளியாட்கள் வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம், உள்ளே போகக் கூடாது.

5. வெந்நீர்க் குரங்குகள்

ஜிகோகுதானி குரங்குப் பூங்காவுக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 1964இல் திறக்கப்பட்ட இடம். காட்டுக் குரங்குகள்தான், கூண்டு எதுவும் இல்லை. காலையில் மலையிலிருந்து தாமாக இறங்கி வந்து, தங்களுக்கென்று கட்டிய வெந்நீர்த் தொட்டியில் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கும். தலைமயிரில் பனி விழுந்து உறைந்திருக்கும், முகம் மட்டும் சிவந்திருக்கும். ஓரிரு நாள் அவை இறங்கி வராமலும் போகலாம். பூங்காவின் நேரலைக் கேமராவை இணையத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது. குளிர் கடுமையாக இருக்கும் நாளில்தான் நிறையக் குரங்குகள் நீரில் இறங்கும். ஆகவே வெயில் நாளைச் சறுக்குக்கு வைத்துக்கொண்டு, பனி கொட்டும் நாளில் இங்கே வாருங்கள்.

போகும் வழி: நாகானோ நிலையத்திலிருந்து நாகானோ டென்டெட்சு ரயிலில் யுதனகா, அங்கிருந்து பேருந்தில் கன்பாயாஷி. நாகானோவிலிருந்து நேரடிப் பேருந்தும் உண்டு. இறங்கிய பிறகு காட்டுப் பாதையில் அரை மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். பாதை பெரும்பாலும் சமதளம்தான், ஆனால் மிதிபட்ட பனி கண்ணாடி மாதிரி வழுக்கும். மேலே சொன்ன ரப்பர் பட்டை இங்கேதான் உதவும். குழந்தைகளின் தள்ளுவண்டி, சக்கர நாற்காலி இந்தப் பாதையில் போகாது.

குரங்கைத் தொடாதீர்கள், உணவைக் காட்டாதீர்கள், பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாதீர்கள், கண்ணுக்குள் கண் வைத்து உற்றுப் பார்க்காதீர்கள். இவ்வளவும் கடைப்பிடித்தால் அவை உங்களைத் தாண்டி, காலுக்கு ஓர் அடி தூரத்தில், சட்டை செய்யாமல் நடந்து போகும்.

திரும்பும்போது அப்படியே ரயில் ஏறிவிடாதீர்கள். பக்கத்திலேயே ஷிபு ஒன்சென் இருக்கிறது. கல் பாவிய ஒற்றைத் தெரு, இரு பக்கமும் மர விடுதிகள், ஒன்பது பொதுக் குளியல்கள். அங்கே தங்குகிறவர்களுக்குச் சாவி கொடுப்பார்கள்; ஒன்று முதல் ஒன்பது வரை வரிசையாகக் குளித்து முடிப்பது அவ்வூர் வழக்கம். ஒரே ஓர் இரவு மட்டும் பாரம்பரிய விடுதியில் தங்க வசதி இருந்தால் அதை இங்கே தங்குங்கள். விடுதியில் கொடுக்கும் யுகாட்டா அங்கியை அணியும்போது இடது பக்கம் வலது பக்கத்தின் மேல் வர வேண்டும். மாற்றிப் போடுவது இறந்தவர்களுக்கு உடுத்தும் முறை.

நேரம் இருந்தால் அதே ரயில் பாதையில் ஒபுசே. எண்பது வயதைக் கடந்த ஓவியர் ஹொக்குசாய், ஊர்ப் பெரியவர் ஒருவர் அழைத்ததன்பேரில் இங்கே வந்து தங்கி வரைந்தார். அவருக்கென்று ஓர் அருங்காட்சியகமும் இருக்கிறது. செஸ்ட்நட் கொட்டையில் செய்த இனிப்புகளுக்கும் பெயர்பெற்ற ஊர்.

6. நாகானோ நகரமும் ஸென்கோஜியும்

லிஃப்ட் நிறுத்தப்பட்ட நாளுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள். நாகானோ நிலையத்திலிருந்து நேர்த்தெருவில் அரை மணி நேரம் நடந்தால் ஸென்கோஜி கோயில். ஏழாம் நூற்றாண்டில் தோன்றியதாகச் சொல்லப்படும் இக்கோயில் எந்த ஒரு பௌத்தப் பிரிவுக்கும் மட்டும் சொந்தமானதல்ல. பழங்காலத்திலிருந்தே பெண்களையும் தடையின்றி வரவேற்ற கோயில் என்பதால் யாத்திரிகர்கள் கூட்டம் கூட்டமாக வந்த இடம். இப்போதுள்ள பெரிய மண்டபம் 1707இல் கட்டியது. மூலவரை யாரும் பார்ப்பதில்லை, தலைமைக் குருவும்கூட. அதன் நகலை மட்டும் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளச் செய்வார்கள்.

மண்டபத்துக்குள் போனால் கருவறைக்கு அடியில் இறங்கும் படிக்கட்டைத் தேடுங்கள். கீழே கும்மிருட்டுச் சுரங்கப் பாதை. கை எதிரே நீட்டினாலும் தெரியாது. வலது கையால் சுவரைத் தடவிக்கொண்டே நடக்க வேண்டும். வழியில் ஓரிடத்தில் சுவரில் ஒரு பூட்டு தட்டுப்படும். மறைந்திருக்கும் மூலவருக்கு நேர் கீழே உள்ளது அது. தொட்டவருக்கு நற்கதி என்பது நம்பிக்கை. கைபேசி வெளிச்சம் போடாதீர்கள். இருட்டுக்குப் பயப்படும் குழந்தைகளை நடுவில் விட்டு, பெரியவர்கள் முன்னும் பின்னும் போங்கள்.

கோயிலைச் சுற்றி 'ஷுகுபோ' எனப்படும் கோயில் விடுதிகள் முப்பதுக்கு மேல் இருக்கின்றன. அங்கே இரவு தங்கினால் விடியற்காலைப் பூசைக்கு அழைத்துப் போவார்கள். சூரியன் எழும் நேரத்தில் தொடங்கும். தலைமைக் குரு கோயிலுக்குப் போகும் வழியில் பக்தர்கள் வரிசையாக மண்டியிட்டிருக்க, ஒவ்வொருவர் தலையையும் ஜபமாலையால் தொட்டுக்கொண்டு போவார். உறைபனியில் அந்தக் காலை வேளையை நான் வேறெந்த அனுபவத்துக்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். இன்னொரு நன்மையும் உண்டு, அதைச் சாப்பாட்டுப் பகுதியில் சொல்கிறேன்.

நாகானோவிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம் மேலே போனால் தொகாகுஷி. இங்குள்ள மேல் கோயிலுக்குப் போகும் நேர்ப் பாதையில் ஒரு கட்டத்துக்கு மேல் இரு மருங்கும் நானூறு ஆண்டு வயதுள்ள தேவதாரு மரங்கள். குளிர்காலத்தில் பனிநடைக் காலணி மாட்டிக்கொண்டுதான் போக வேண்டும். அகன்ற தட்டு மாதிரி இருக்கும் அதைக் கட்டிக்கொண்டால் பனியில் புதையாமல் நடக்கலாம், கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை. ஊரில் வாடகைக்கும் தருகிறார்கள், வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். முதல் தடவை வழிகாட்டியோடு போங்கள். சறுக்கவே விருப்பமில்லாமல் குடும்பத்துக்காக உடன்வந்தவர் யாராவது இருந்தால் அவருக்கு இந்த நடைதான் சரியான நாள்.

மட்சுமோட்டோ கோட்டைக்கு நாகானோவிலிருந்து விரைவு ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கறுப்பு நிறக் கோட்டை. ஜப்பானில் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்ட கோட்டைகள் ஐந்தே ஐந்து, அதில் இது ஒன்று. பின்னணியில் வெள்ளை மலை நிற்கும் தெளிவான நாளில் போனால் அழகு. உள்ளே காலணியைக் கழற்ற வேண்டும், பலகைத் தரை பனிக்கட்டி போல் இருக்கும். இரண்டு ஜோடி கம்பளிக் காலுறை போட்டுப் போங்கள். படிகள் ஏணி மாதிரி செங்குத்து, முட்டி வலி உள்ளவர்கள் அகழிக்கு வெளியிலிருந்தே ரசிக்கலாம்.

7. ஸ்கீ இல்லாமல் பனிக்குள்

ஹக்குபாவில் தங்குகிறீர்கள் என்றால் இவாதாக்கே மலைக்கு கொண்டோலா எனும் கம்பிவடப் பெட்டியில் ஏறிப் போகலாம், ஸ்கீ தேவையில்லை. மேலே மரத் தளத்தில் காப்பியோடு நின்றால் எதிரே ஹக்குபாவின் மூன்று சிகரங்கள். 1998 ஒலிம்பிக்கின் ஸ்கீ தாவல் மேடையும் அதே ஊரில்தான். அதன் உச்சிக்குப் பார்வையாளர்களை லிஃப்டில் அனுமதிக்கும் நாளில் ஏறிப் பாருங்கள். தொலைக்காட்சியில் பார்த்ததற்கும் அங்கே நின்று கீழே எட்டிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம் வயிற்றில் தெரியும்.

சின்னப் பிள்ளைகளுக்குச் 'சோரி' எனும் பிளாஸ்டிக் சறுக்குத் தட்டு போதும். பல தளங்களில் அவர்களுக்கென்று வேலி கட்டிய தனிச் சரிவு உண்டு. பிப்ரவரியில் போகிறவர்கள் ஈயாமா பக்கம் கமகுரா எனப்படும் பனிக் குடில்களை விசாரியுங்கள். பனியைக் குவித்து உள்ளே குடைந்த குடிலில் உட்கார்ந்து, மிசோ எனும் புளித்த சோயா விழுதில் செய்த சூடான குழம்பைச் சட்டியிலிருந்து சாப்பிடலாம். முன்பதிவு அவசியம்.

8. சாப்பாடு

அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கவலையே இல்லை. சைவர்களுக்குத்தான் சொல்ல வேண்டியது நிறைய. ஜப்பானிய உணவில் காய்கறியாகத் தெரிவதிலும் 'தஷி' என்ற சாறு இருக்கும். அது பெரும்பாலும் உலர்த்திச் சீவிய சூரை மீனில் எடுத்தது. நம் மாசிக் கருவாடும் அதே மீன்தான். சோபா நூடுல்ஸின் தொடுகுழம்பு, மிசோ சூப், அவித்த காய்கறி எல்லாவற்றிலும் அது உண்டு. கறாரான சைவர்கள் இந்த இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: "நிக்கு தோ சகானா வா தபேமசென்", அதாவது இறைச்சியும் மீனும் சாப்பிடுவதில்லை. "தஷி மோ தமே தெஸ்", அதாவது தஷியும் ஆகாது.

ஸென்கோஜி கோயில் விடுதிகளில் நான் சொன்ன இன்னொரு நன்மை இதுதான். அங்கே 'ஷோஜின் ரியோரி' என்ற துறவியர் உணவு கிடைக்கும். இறைச்சி, மீன் இல்லை, சாறுகூடக் கடற்பாசியிலும் காளானிலும் எடுத்தது. எள் கொண்டு செய்த டோஃபு, மலைக் கீரைகள், ஊறுகாய், சோறு என்று சிறு சிறு கிண்ணங்களில் வரும். முன்பதிவின்போது முழுச் சைவம் என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

தெருவில் பசித்தால் 'ஓயாகி' வாங்குங்கள். மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட, நாகானோவின் சொந்தப் பண்டம். நோஸாவானா கீரை, பூசணி, கத்தரிக்காய், இனிப்புப் பயறு என்று வகைவகையாக இருக்கும். கடையில் உள்ளே என்ன என்று கேட்டு வாங்குங்கள். அப்புறம், மலையூர்களில் உணவகங்கள் இரவு எட்டு, ஒன்பது மணிக்கெல்லாம் மூடிவிடும். விடுதியில் இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே தயாராக இருக்கும். நம் வழக்கப்படி ஒன்பதரைக்குச் சாப்பிடக் கிளம்பினால் பட்டினிதான்.

9. வேறு மாநிலங்களுக்குப் போகிறவர்கள்

ஸாவோவுக்கு யாமகாட்டா வழியாகப் போக வேண்டும். அங்கே ஊசியிலை மரங்களின் மேல் காற்றிலுள்ள பனித்துளிகள் ஒட்டி உறைந்து, மரமே தெரியாதபடி பூத உருவங்களாக நிற்கும். ஜனவரிக் கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை பருவம். இரண்டு கட்ட ரோப்வேயில் 1,661 மீட்டர் உயரத்துக்குப் போய்ப் பார்க்கலாம், சறுக்கத் தெரிய வேண்டியதில்லை. பூச்சிகள் தாக்கி அந்த மரங்கள் பெருமளவில் பட்டுப்போய்விட்டன. பார்க்க ஆசை இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

ஹொக்கைடோவின் நிசேகோவில் பனி அற்புதம், ஆனால் ஊர் பெரும்பாலும் விடுதிகளும் உணவகங்களும்தான். சுற்றிப் பார்க்கச் சப்போரோவுக்கும் ஒட்டாருவுக்கும் இறங்க வேண்டும். சப்போரோ பனித் திருவிழா 1950இல் பள்ளி மாணவர்கள் செய்த ஆறு பனிச் சிலைகளோடு தொடங்கியது. இப்போது பிப்ரவரி தொடக்கத்தில் ஊரே கண்காட்சி. அதே நாட்களில் ஒட்டாருவில் கால்வாயோரம் விளக்கேற்றுகிறார்கள். பகலில் சப்போரோ, மாலையில் ஒட்டாரு என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். குழந்தைகள் இருந்தால் அசாஹிகாவாவின் அசாஹியாமா விலங்குக் காட்சிசாலையில் பெங்குவின்கள் பனியில் நடைபோவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டோக்கியோவிலிருந்து ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் காலா யுசாவா. ஷின்கான்சென் நிலையத்துக்குள்ளேயே வாடகைக் கடையும் கொண்டோலாவும் இருக்கின்றன.

10. நாட்களை அடுக்குவதும் பெட்டியை அனுப்புவதும்

ஒரு வாரத்துக்கு நான் போடும் வரிசை இப்படி: வந்த மறுநாள் சறுக்குப் பயிற்சி வகுப்பு, அதற்கடுத்த நாளும் சறுக்கு. மூன்றாம் நாள் உடம்பு கெஞ்சும், அன்றைக்கு ஊரைச் சுற்றி வெந்நீரில் ஊறுங்கள். நான்காம் நாள் மறுபடி சறுக்கு. ஓய்வுக்குப் பிறகு உங்கள் கால் எவ்வளவு பழகியிருக்கிறது என்று நீங்களே வியப்பீர்கள். ஐந்தாம் நாள் குரங்குகள், இரவு ஷிபுவில். ஆறாம் நாள் ஸென்கோஜி, இரவு கோயில் விடுதியில். காலைப் பூசை முடிந்து டோக்கியோ ரயில். இந்த வரிசையைக் கல்வெட்டாக எண்ணாமல், வானிலை முன்னறிவிப்பைப் பார்த்து நாட்களை மாற்றிக்கொள்ளுங்கள். அதற்காகவே லிஃப்ட் டிக்கெட்டை மொத்தமாக வாங்காமல் அன்றன்றைக்கு வாங்குவது வசதி.

கிராமக் கடைகளிலும் சிறு விடுதிகளிலும் அட்டை செல்லாமல் போகலாம். ரயில் ஏறும் முன்பே செவன் இலெவன் கடையின் ஏடிஎம்மில் யென் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படி இடம் மாறித் தங்கும்போது பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு பனியில் நடப்பது பெரும் பாடு. அதற்குத் 'தக்யூபின்' சேவை இருக்கிறது. விடுதிக் கவுன்ட்டரில் சொன்னால் படிவம் கொடுத்து, பெட்டியை அடுத்த விடுதிக்கோ டோக்கியோவுக்கோ அனுப்பிவைப்பார்கள். வழக்கமாக மறுநாள் போய்ச் சேரும், தூரம் அதிகமானால் அல்லது பனி கடுமையாக இருந்தால் இரண்டு நாள். இரண்டு நாளுக்கான துணியை முதுகுப் பையில் வைத்துக்கொண்டு மீதியை அனுப்பிவிடுங்கள். விமான நிலையத்துக்கே நேராக அனுப்புவதாக இருந்தால், விமானத்துக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பெட்டி கைமாறியிருக்க வேண்டும். கடவுச்சீட்டையும் மருந்துகளையும் மட்டும் அந்தப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள்.